கொச்சி யூதர் தெருவில் ஒரு பகல்

யாத்திரை என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் காசியும் ராமேசுவரமும் நினைவுக்கு வரும். இளைஞர்களுக்கு உதகமண்டலமும் கொடைக்கானலும். இவ்விரண்டிலும் சேராத வேறொரு வகை யாத்திரையும் உலகில் நடைபெற்று வருகிறது. தம் முன்னோர் வாழ்ந்து, பின் ஏதோ காரணத்தால் விட்டுப் போன ஊரைத் தேடிச் சென்று, இடம் அறிந்த ஒருவர் வழிகாட்ட, ஒரு பகற்பொழுது அங்கே சுற்றிக் கல்லையும் கதவையும் கல்லறையையும் பார்த்துவிட்டுத் திரும்புவது அந்த யாத்திரை. இதில் முன்னணியில் நிற்பவர்கள் யூதர்கள். விட்டுப் போன ஊர்கள் அவர்களுக்கு அத்தனை!

ஐரோப்பாவில் இத்தகைய பகற்சுற்றுலா ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பிராக் நகரத்துப் பிங்கஸ் ஜெப ஆலயத்தின் சுவர்களில், நாஜிகளால் மாண்ட ஏறத்தாழ 80,000 செக் நாட்டு யூதர்களின் பெயர்கள் வரிவரியாக எழுதப்பட்டுள்ளன. ஸ்பெயின் தேசத்து டொலேடோவில் வழிகாட்டி காட்டும் பழைய ஜெப ஆலயம் மாதா கோயிலாக மாற்றப்பட்டு, 'ஸாந்தா மரியா லா பிளாங்கா' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. 1492-ல் யூதர்கள் அந்த நாட்டிலிருந்தே துரத்தப்பட்டார்கள். போலந்தில் கிராக்கோ நகரத்துக் காஸிமியெர்ஸ் பேட்டையில் தொடங்கும் சுற்றுலா பலருக்கு ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் போய் முடிகிறது. எங்கே போனாலும் வழிகாட்டியின் கதை வாளிலோ நெருப்பிலோ வந்து நிற்கும்.

அவ்விதம் முடியாத கதை ஒன்று நம் பாரத தேசத்தில் இருக்கிறது. கொச்சியில் யூதர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். பிறகு, ஒருவரும் துரத்தாமல், தாமே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனார்கள். அந்த ஊரில் வழிகாட்டிகள் என்ன சொல்லுகிறார்கள், எதைக் காட்டுகிறார்கள் என்பதை நேரில் அறிய வேண்டும் என்ற அவா நமக்கு வெகு நாளாய் இருந்தது. சென்ற மார்கழி விடுமுறையில் அது கைகூடிற்று.

"பிள்ளையார்குப்பத்து வாத்தியாருக்கு யூதரைப் பற்றி என்ன வந்தது?" என்று நேயர்கள் கேட்கலாம். நம் ஊரிலும் கேட்டார்கள். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த நம் கிராமத்திலிருந்து வடக்கே போனால் அரிக்கமேடு. ரோமாபுரி ஜாடிகளும் மட்பாண்டங்களும் 1945-ல் வீலர் துரை நடத்திய அகழ்வில் கிடைத்த இடம் அது. கீழ்க்கரையில் அரிக்கமேடு எப்படியோ, அப்படியே மேற்கரையில் முசிறி. மிளகுக்காகப் பொன்னைக் கொட்டிய யவனர் மரக்கலங்களைச் சங்கப் புலவர் பாடிய அதே முசிறி. ஹீப்ரு வேதத்தில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் சொல் நம் 'தோகை'யே என்று கால்டுவெல் முதலிய அறிஞர் கருதினர். அவ்வளவு தூரம் போவானேன்? புதுச்சேரி ஆசிரமத்து அன்னை மீரா அல்ஃபாஸா அவர்கள் 1878-ல் பாரிஸில் பிறந்தது ஒரு யூத குடும்பத்தில்தான். தந்தை துருக்கியிலிருந்தும் தாய் எகிப்திலிருந்தும் வந்தவர்கள். ஆகவே சம்பந்தம் இல்லாமல் இல்லை.

சக ஆசிரியர் இருவருடன் விழுப்புரம் சென்று ரயிலேறி, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து எர்ணாகுளம் சேர்ந்தோம். கணவாயைத் தாண்டியதும் காற்றே மாறுவதையும், தென்னையின் பசுமை கண்ணில் அப்புவதையும் வருணிக்கப் புகுந்தால் கட்டுரை அதிலேயே முடிந்து போகும். 2023 முதல் ஓடும் நீர் மெட்ரோப் படகுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: சத்தமில்லை, புகையில்லை, குழந்தைகளுடன் போகிறவர்கள் அவசியம் ஒரு முறை ஏறிப் பார்க்கலாம்.

நாம் சேர்ந்துகொண்ட பகற்சுற்றுலாவில் பதின்மூன்று பேர். துறைமுகத்துக்கு வந்த உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கிய அமெரிக்கத் தம்பதிகள் சிலர், பிரெஞ்சுக்காரர் ஒருவர், இஸ்ரேலிலிருந்து பேத்தியுடன் வந்த முதியவர் ஒருவர், மற்றும் நாம். வழிகாட்டி ஒரு பட்டதாரி இளைஞன். நல்ல குரல், நல்ல இங்கிலீஷ், சிரித்த முகம். காலையில் கோட்டைக் கொச்சியில் சீன வலைகளின் அருகே கூடி, மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு, பரதேசி ஜெப ஆலயம், மிளகு இஞ்சி வியாபாரக் கிடங்குகள் என்று சுற்றி, மத்தியானம் போஜனத்துடன் முடிவது ஏற்பாடு.

யூதர் தெரு என்பது அரண்மனையின் புறத்தே வளைந்து செல்லும் ஒரு குறுகலான வீதி. இருபுறமும் ஒட்டினாற்போல் மாடி வீடுகள். ஒரு காலத்தில் மாடியில் குடித்தனமும் கீழே வாசனைச் சரக்கு வியாபாரமும் நடந்தன. இன்று பெரும்பாலானவை பழம்பொருள் கடைகள். சால்வையும் வெள்ளி நகையும் விற்பவர்களில் காஷ்மீரத்து வியாபாரிகள் பலர். ஆயினும் சில ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. வீதியின் கோடியில் மணிக்கூண்டு. 1760-ல் எழும்பிய இக்கூண்டின் ஒரு முகத்தில் ஹீப்ரு எழுத்துகளும், வேறு முகங்களில் ரோம எண்களும் மலையாள எண்களும் மணி காட்டுகின்றன. யூதனுக்கும் ஐரோப்பிய வணிகனுக்கும் அரண்மனைக்காரருக்கும் அவரவர் எழுத்தில் மணி சொல்லும் கடிகாரம்!

அதன் நிழலில் இருப்பதே 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம். போர்ச்சுகீசியர் கொடுமைக்கு அஞ்சி வந்தவர்களுக்குக் கொச்சி மகாராஜா தம் அரண்மனையை ஒட்டிய நிலத்தைக் கொடுத்தார். அரண்மனைப் பகவதி கோயிலுக்கும் ஜெப ஆலயத்துக்கும் இடையே ஒரு மதில்தான். 1662-ல் போர்ச்சுகீசியர் இதைச் சேதப்படுத்திய பின், டச்சுக்காரர் காலத்தில் மறுபடியும் சீராயிற்று. ஸ்பெயினிலிருந்தும், அலெப்போ, பாக்தாத் முதலிய ஊர்களிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களாகையால் 'பரதேசிகள்' என்று பெயர். நம் பேச்சில் அச்சொல் பிச்சைக்காரனைக் குறிக்கும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அங்கே அதற்குப் பிற தேசத்தவர் என்ற நேர்ப்பொருளே.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஐரோப்பிய ஜெப ஆலயங்களில் இல்லாத இவ்வழக்கம் நம் மண்ணின் வழக்கம். தரை முழுவதும் வெள்ளையில் நீலம் தீட்டிய சீன ஓடுகள். டச்சுக் கம்பெனியின் பெரு வணிகராயிருந்த எஸக்கியேல் ரஹாபி என்பவர் 18ஆம் நூற்றாண்டில் காண்டனிலிருந்து தருவித்தவை. மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. எருசலேமை நோக்கிய மேற்குச் சுவரில் தோராச் சுருள்கள் இருக்கும் பெட்டகம். மாடத்தில் இன்னொரு மேடை உண்டு. இரண்டு மேடை வைப்பது கேரளத்து ஜெப ஆலயங்களுக்கே உரிய வழக்கம். தோரா விழாவன்று சுருள்களை எடுத்துக்கொண்டு ஆலயத்தை வெளியே வலம் வருவார்களாம். நாம் பிரகாரம் சுற்றுவது போலவே!

"இத்தனை ஓடுகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது" என்றான் வழிகாட்டி. உடனே எல்லோரும் குனிந்தார்கள். அதற்கு மேல் அவர்கள் நிமிர்ந்தது எப்போதோ நமக்குத் தெரியாது. கொச்சி யூதர் சரித்திரம் முழுவதும் அந்த நீல ஓடுகளுக்குள் அடங்கிவிட்டது போன்ற ஒரு தோற்றம்.

அவன் சொன்னவற்றில் ஒன்று நம்மைப் பெருமிதம் கொள்ளச் செய்தது. சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், சுமார் கி.பி. 1000-ல் முசிறியிலிருந்து யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குச் செப்பேடு வழங்கினான். அதில் அவன் பெயர் 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்று நம் வாய்க்கு ஏற்ப வருகிறது. எழுத்து வட்டெழுத்து; மொழி, தமிழும் மலையாளமும் பிரியாத அந்தக் காலத்து மொழி. வணிகர் குழுவாகிய அஞ்சுவண்ணமும், 72 உரிமைகளும் அவனுக்கும் அவன் வழியினருக்கும் அளிக்கப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் ஆகியவை அவற்றுள் சில. பாவாடை என்பதைக் கண்டு நம் பெண்கள் நகைக்க வேண்டாம். மேன்மக்கள் நடந்து வரும் பாதையில் விரிக்கும் நடைபாவாடை அது. உலகும் சந்திரனும் உள்ள வரை என்று எழுதி, சிற்றரசர் பலர் சாட்சி நின்றனர்.

செப்பேட்டின் மதிப்பு பாகூர்ப் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல்லவ நிருபதுங்கவர்மன் காலத்தில் ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் விடப்பட்டதைக் கூறும் செப்பேடு நம் பாகூரில்தான் கிடைத்தது. கல்விக்கு ஊர் கொடுத்த மரபும், கடல் கடந்து வந்தவனுக்குக் குடை கொடுத்த மரபும் ஒன்றுக்கொன்று தூரமானவை அல்ல. இந்தச் செப்பேட்டின் பிரதியைத்தான் 2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் மோடி இஸ்ரேல் பிரதமர் நெதன்யாஹுவுக்குப் பரிசளித்தார். அதற்கு முன்பே, 1968 டிசம்பரில் ஜெப ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்திருந்தார்; தபால்தலையும் வெளியாயிற்று.

"உலகமெல்லாம் யூதரை வதைத்தது, இந்தியா ஒன்றே வாழ வைத்தது" என்று வழிகாட்டி முடித்தான். அமெரிக்கர்கள் கைதட்டினார்கள். நாமும் தட்டினோம். போர்ச்சுகீசியர் செய்ததைக் கழித்துப் பார்த்தால், அது மெய்யே. ஆனால் மெய்யின் மற்றொரு பகுதி நாம் நின்ற இடத்துக்குச் சில அடி தூரத்திலேயே இருந்தது. அதை அவன் தொடவில்லை.

ஆலயத்தின் உள்ளே நுழையுமுன் ஒரு முன்னறை உண்டு. 'அஸாரா' என்பார்கள். பரதேசி யூதர்களின் வீடுகளில் அடிமைகளாயிருந்து, விடுதலை பெற்று, யூத மதத்தையே பின்பற்றிய மக்கள் சிலர் இருந்தனர். 'மெஷுஹ்ராரிம்' என்று அவர்களுக்குப் பெயர்; விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே பெயரில்தான் அழைக்கப்பட்டனர். நீல ஓடு பதித்த உள்மண்டபத்தில் அவர்களுக்கு ஆசனமில்லை. முன்னறையின் தரையில் உட்கார வேண்டும். தோராவை வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. அவர்களுடன் கலியாணமும் கிடையாது. இந்த வேற்றுமை சரியா என்று 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். அங்கிருந்த பெரும் பண்டிதர் டேவிட் இப்னு சிம்ரா, முறைப்படி நீராடிவிட்டால் வேற்றுமை பாராட்ட இடமில்லை என்று விடை எழுதினார். விடை வந்தது, வழக்கம் மாறவில்லை.

இவர்களேயன்றி, பரதேசிகளுக்கும் முன்பிருந்தே மலையாள நாட்டில் வாழ்ந்த மலபாரி யூதர்கள் வேறு. தொகையில் அவர்களே மிகப் பெரும்பான்மையினர். எட்டு ஜெப ஆலயங்களில் ஏழு அவர்களுடையவை. அவர்களையும் பரதேசிகள் சமமாக நடத்தவில்லை. 'வெள்ளை யூதர்', 'கறுப்பு யூதர்' என்று அயல்நாட்டார் எழுதிவைத்ததும் இந்தப் பிளவையே. நம் நாட்டுக் காற்றில் ஜாதி என்னும் தூசி எந்த மதத்துக் கதவிடுக்கிலும் புகுந்துவிடும் போலும்!

இதை எதிர்த்து நின்றவர் ஏ. பி. சேலம். 1882-ல் விடுவிக்கப்பட்டோர் வகுப்பிலே பிறந்து, அவ்வகுப்பில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, வக்கீலாகி, கொச்சி சட்டசபையில் அங்கத்தினராகவும் இருந்தவர். 1929-ல் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறிய லாகூர் காங்கிரஸுக்குச் சென்று வந்தவர். வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது 1924-25-ல், நம் ஈ.வெ.ரா. அவர்கள் அதற்காகச் சிறை புகுந்ததை யாவரும் அறிவர். அந்தக் காந்தீய முறையைச் சேலம் தம் ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டு சென்றார். பிறரை அடிக்கவில்லை, மதம் மாறுவேன் என்று மிரட்டவில்லை. எனக்கும் இது வீடு, இதற்குள் எனக்கு இடம் வேண்டும் என்று சத்தியாக்கிரகம் செய்தார். சில காலம் ஆலயத்தைப் பகிஷ்கரித்தும் பார்த்தார். கொச்சியில் அவரை 'யூத காந்தி' என்று அழைத்ததில் மிகையில்லை. மதில்கள் படிப்படியாகத்தான் சரிந்தன. முதலில் பின்வரிசை ஆசனம், பிறகு தோரா வாசிப்பு. கலியாண விலக்கு எல்லாவற்றுக்கும் கடைசி. 1950-ல் அவருடைய புதல்வர் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, அத்திருமணம் கொச்சியில் அல்ல, பம்பாயில் நடைபெற்றது.

அவர் 1967-ல் காலமானார். யூதர் தெருவில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு போனால் 'ஏ. பி. சேலம் ரோடு' என்ற விலாசம் தென்படும். சுற்றுலாவுக்கு வரும் அத்தனை பேரும் அவர் பெயரின் மேல்தான் நடக்கிறார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று வழிகாட்டியை நாம் கேட்டோம். அவனுக்குத் தெரிந்திருந்தது, நன்றாகவே தெரிந்திருந்தது. "வருகிறவர்கள் சந்தோஷமாகப் போக வேண்டும், ஸார். ஆலயத்துக்குள் இருபது நிமிஷந்தான் கிடைக்கிறது" என்றான். அவன் மீது நமக்குக் கோபமில்லை. இருபது நிமிஷத்தில் எதைச் சொல்வது என்பதை அவன் மட்டுமா தீர்மானிக்கிறான்?

இஸ்ரேலிலிருந்து வந்த முதியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றார். வெளியே வந்ததும், தட்டுத் தடுமாறிய மலையாளத்தில், "எங்களுடையது இந்தப் பள்ளி அல்ல, எங்களுடையது மாளை" என்றார். 1955-ல் ஆறு வயதுச் சிறுவனாக அவ்வூரை விட்டுப் போனவர். மாளைக்கு இந்த வண்டி போகுமா என்று வழிகாட்டியைக் கேட்டார். மாளை திருச்சூர் ஜில்லாவில் இருக்கிறது. ஒரு பகல் ஏற்பாட்டில் அதற்கு இடமில்லை. யூத பாரம்பரியத்தைக் காட்டுவதற்கென்றே ஏற்பட்ட சுற்றுலா, ஒரு யூதரை அவர் பிறந்த ஊருக்கு அழைத்துப் போக முடியாதிருந்தது. மறுநாள் வாடகைக் காரொன்றை அமர்த்தி, அவரும் பேத்தியும் நாமுமாகப் புறப்பட்டோம். நம் அபிப்பிராயத்தில் அந்த இரண்டாம் நாளே உண்மையான யாத்திரை.

எர்ணாகுளம் கடைவீதியில் முதலில் நின்றோம். அலங்கார மீன்களும் பூச்செடிகளும் விற்கும் ஒரு கடை. கடையின் உள்ளே போய், தொட்டிகளைக் கடந்து ஒரு கதவைத் திறந்தால், கடவும்பாகம் ஜெப ஆலயம்! சென்ற சில வருஷங்களுக்கு முன் பழுது பார்க்கப்பட்டுப் பொலிவாக இருக்கிறது. மீனுக்கும் தோராவுக்கும் ஒரே பூட்டு.

அங்கிருந்து வடக்கே பரவூர். யூதர் தெருவின் ஓரத்தில் படிப்புரை போன்ற வாயில் வீடு, அதன் பின் தூண்கள் நிறைந்த நீண்ட நடை, அப்புறம் ஆலயம். கேரள அரசு, முசிறி பாரம்பரியத் திட்டத்தின் கீழ் இதைச் செப்பனிட்டு, யூதர் வாழ்க்கை முறையை விளக்கும் பொருட்காட்சிச்சாலை ஆக்கியிருக்கிறது. சற்றுத் தூரத்தில் சேந்தமங்கலம். பாலியத்து அச்சன்மாரின் ஊர். கோயிலும் மசூதியும் மாதா கோயிலும் ஜெப ஆலயமும் கூப்பிடு தூரத்தில் அமைந்திருப்பதைக் காணலாம். ஜெப ஆலயத்தின் முன்னே நிற்கும் ஒரு கல்லைத் தவறவிடக் கூடாது. இஸ்ரேல் மகள் சாராள் என்ற பெண்ணின் கல்லறைக் கல் அது, ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்துள்ள ஹீப்ருக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. அரசனுக்கோ வணிகனுக்கோ எழுதப்பட்டதல்ல. ஒரு பெண்ணுக்கு எழுதப்பட்டது. (சேந்தமங்கலம் கைத்தறி வேஷ்டி, புடவைக்குப் பேர் போனது. நம்முடன் வந்த ஆசிரியர்களில் ஒருவர் கல்வெட்டை விட அங்கே அதிக நேரம் செலவிட்டார்.)

காரில் போகும்போது பேத்தி ஒரு செய்தி சொன்னாள். கொச்சி யூதப் பெண்கள் கலியாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடல்கள் பாடுவார்கள். அவற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துத் தாய் மகளுக்குக் கொடுப்பாள். புறப்பட்டபோது பாத்திரத்தை விட்டாலும் நோட்டை விடவில்லை. ஆராய்ச்சியாளர் அவற்றைத் திரட்டி 2005-ல் நூலாக வெளியிட்டபோது வைத்த பெயர் 'கார்குழலி'. இதைக் கேட்டதும் நமக்கு உண்டான ஆனந்தத்தைத் தமிழ் படித்தவர்களிடம் விரித்துச் சொல்ல வேண்டுமா? விடுவிக்கப்பட்டோர் வகுப்பிலே 1912-ல் பிறந்து, யுத்த காலத்தில் இந்தியக் கடற்படைப் பெண்கள் பிரிவில் பணி செய்து, பின் இஸ்ரேலில் குடியேறிய ரூபி டேனியல் அம்மையார், இப்பாடல்களை இங்கிலீஷில் பெயர்த்ததோடு, முன்னறையில் உட்கார நேர்ந்தவர்களின் கதையையும் தம் நினைவுநூலில் மறைக்காமல் எழுதினார்.

ஏன் புறப்பட்டார்கள்? 1948-ல் இஸ்ரேல் ராஜ்யம் தோன்றியபோது கொச்சிப் பகுதியில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தனர். வேதத்தில் தினந்தோறும் ஓதிய நாடு மெய்யாகவே ஏற்பட்டுவிட்டதென்ற பக்தி ஒன்று, வறுமை மற்றொன்று. வீடு வாசலை விற்றுவிட்டுக் காத்திருந்தார்கள். யானைக்கால் நோய் பரவும் என்ற அச்சத்தால் இஸ்ரேல் அதிகாரிகள் அனுமதி தரத் தயங்கினார்கள். அங்கே போய் இவர்களுக்காக வாதாடினவர் யார்? 1953-ல் எழுபது வயதைத் தாண்டிவிட்ட அதே சேலம். தம்மைச் சமமாக ஒப்பாத சமூகத்துக்காகவும், அதனாலேயே ஒதுக்கப்பட்ட மலபாரிகளுக்காகவும் அவர் கடல் கடந்தார்; திரும்பி வந்து கொச்சியிலேயே வாழ்ந்து மடிந்தார். 1953-லிருந்து 1955-க்குள் மலபாரிகளில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். தெற்கே நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் போன்ற கிராமங்களில் அவர்கள் குடியேறினர்; கடல்காற்றில் மீன் விற்றவர்கள் அங்கே மலர்ச்செடி பயிரிடக் கற்றுக்கொண்டார்கள்.

மாளை யூதர்கள் புறப்படுமுன், 1955-ல், தங்கள் ஜெப ஆலயத்தையும் மயானத்தையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தார்கள். விற்கவில்லை, இடிக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அயலாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைத்தெருவின் நடுவே அக்கட்டடம் நிற்கிறது. உள்ளே பெட்டகமில்லை, மேடையில்லை, விளக்கில்லை. நான்கு சுவரும் கூரையுமே. முதியவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மேற்குச் சுவரைப் பார்த்துச் சிறிது நேரம் நின்றார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு பேத்தியிடம் தரையில் ஓரிடத்தைக் காட்டி ஏதோ சொன்னார். "இங்கேதான் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்களாம்" என்று அவள் நமக்கு மொழிபெயர்த்தாள்.

மயானத்தில் எஞ்சியிருக்கும் கல்லறைகள் சிலவே. அந்நிலத்தில் ஒரு பகுதியை விளையாட்டுக் களமாக்க முயற்சி நடந்தபோது, ஒரு யூதர்கூட இல்லாத அவ்வூரில், ஒப்படைத்தவர்களுக்குக் கொடுத்த வாக்கைச் சுட்டிக் காட்டி எதிர்த்துப் போராடினவர்கள் உள்ளூர்க்காரர்களே. இந்தச் செய்தியை நமக்குச் சொன்னவர் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர். முதியவர் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தறிந்ததும், தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கொச்சிக்குத் திரும்பினோம். மட்டாஞ்சேரியிலேயே, பரதேசி ஆலயத்துக்குச் சிறிது தொலைவில், 1544-ல் தோன்றிய இன்னொரு கடவும்பாகம் ஜெப ஆலயம் இருந்தது. அதன் உள்ளலங்கார மரவேலைகள் 1991-ல் இஸ்ரேலுக்குக் கொண்டுபோகப்பட்டு, எருசலேம் மியூஸியத்தில் மறுபடியும் பூட்டப்பட்டு, அழகாகக் காட்சி தருகின்றன. கிடங்காகி நலிந்த கட்டடமோ 2019 செப்டம்பர் மழையில் இடிந்து சரிந்தது. உயிர் ஓரிடத்திலும் உடல் ஓரிடத்திலுமாகிவிட்ட அந்த ஆலயத்துக்கு எந்தச் சுற்றுலா வண்டியும் நிற்கக் கண்டோமில்லை. பரதேசிகளின் நிலையும் இதனினும் மேலானதன்று. யூதர் தெருவில் தையல் வேலைக் கடை வைத்திருந்த மூதாட்டி 2019-ல் 96ஆம் வயதில் மறைந்தார். இறுதிவரை அவரைத் தாய் போலப் பேணினவர் ஒரு முஸ்லிம். 2024 ஆகஸ்டில் மற்றொரு மூதாட்டியும் காலமாகவே, அத்தெருவின் பரதேசிச் சமூகத்தில் ஒருவரே மிஞ்சினார். தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள் அங்கே சேர்வது, வெளியூர் யாத்திரிகர் வந்தால்தான்.

ஆகவே இந்த யாத்திரிகர்களை வெறும் உல்லாசிகள் என்று நாம் தள்ளிவிட முடியாது. அவர்கள் வருகையே ஆலயத்துக்கு மூச்சு. அதனாலேயே வழிகாட்டி சொல்லும் கதை முழுக் கதையாக இருக்க வேண்டுமென்று கேட்கிறோம். நீல ஓட்டுக்குப் பத்து நிமிஷம் போதும். முன்னறைக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கலாம். சேலம் என்ற பெயரைச் சொன்னால் எந்த அமெரிக்கரும் துக்கப்பட்டுத் திரும்பிவிட மாட்டார். தம் ஆலயத்துக்குள் ஒரு காந்தி இருந்தார் என்று கேட்டு வியக்கவே செய்வார்.

குடும்பத்துடன் போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். யூதர்களின் ஓய்வு நாள் வெள்ளி அஸ்தமனத்தில் தொடங்குகிறது. சனிக்கிழமையும் பண்டிகை நாட்களிலும் ஆலயம் பார்வையாளருக்குத் திறவாது. ஆதலால் ஞாயிறு முதல் வியாழனுக்குள் போவது நலம். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். நம் வீட்டாருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வாயில் மண்டபத்தில், நானூறாம் ஆண்டு விழாவின்போது தீட்டிய சித்திர வரிசையைக் குழந்தைகளுக்கு முதலில் காட்டிவிட்டால் சரித்திரம் எளிதில் விளங்கும். மதிற்சுவரில் பதித்திருக்கும் 1344-ஆம் வருஷத்துக் கல்லையும் கேட்டுப் பார்க்கவும். கொச்சங்காடியிலிருந்து அழிந்துபோன ஜெப ஆலயத்தின் கல் அது. பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய மூன்றுக்கும் தனியாக ஒரு நாள் வேண்டும்.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்குச் சென்னை இருக்கிறது. கோல்கொண்டா வைரத்துக்கும் மத்தியதரைக் கடற் பவளத்துக்கும் இடையே வியாபாரம் செய்த யூத வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை அடுத்து வாழ்ந்தனர்; 1688-ல் சென்னை மாநகராட்சி ஏற்பட்டபோது அதன் ஆல்டர்மென்களில் யூதர்களும் இருந்தனர். 1687-ல் இறந்த ஜாக் டி பைவா என்ற வைர வணிகர் அவர்களுள் பெயர் பெற்றவர். பழைய மயானத்திலிருந்து பெயர்த்தெடுத்த கல்லறைகள் சில லாயிட்ஸ் ரோட்டில் ஒரு சிறு மதிலுக்குள் இருக்கின்றன. கதவு பூட்டியிருக்கும். பக்கத்தில் விசாரித்தால் சாவி யாரிடம் இருக்கிறதென்று சொல்லுவார்கள்.